விழா மரமும் மலையின் நிறமும்

மார்கழி பிறந்து பத்து நாள் ஆவதற்குள் கிறிஸ்து பிறப்பு விழா வந்துவிடுகின்றது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ இரண்டாயிரத்து நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் அப்போது குளிர் மிகுதி. தாழ்ந்த பள்ளங்களில் விடியற்காலை உறைபனி படிந்து கிடக்கும். வீடுகளின் முகப்பில் காகித விண்மீன்கள் தொங்கும். குடில் அமைப்பதற்காகச் சிறுவர்கள் பாசியும் வைக்கோலும் சேர்ப்பார்கள். இத்தனைக்கும் நடுவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி எழும். இவ்வாண்டு எந்த மரத்தை வைப்பது? அது எந்த நிறத்தில் இருப்பது?

இது சின்னஞ்சிறு கேள்விதானே என்று நீங்கள் எண்ணக்கூடும். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஓர் ஆண்டு இந்தக் கேள்வி எங்கள் குடும்பத்தையே வாயடைக்கச் செய்துவிட்டது. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்பு, விழா மரத்திற்குப் பச்சை நிறம் எவ்வாறு பொருள் உடையதாயிற்று என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

விழா மரம் வடநாட்டுக் குளிரில் பிறந்த வழக்கம். ஜெர்மானிய மொழி பேசும் நாடுகளில் டிசம்பர் மாதத்தில் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். வயல்களைப் பனி மூடியிருக்கும். பகல் சுருங்கிவிடும். அந்த வேளையில் காட்டில் பச்சை மாறாமல் நிற்பவை ஊசியிலை மரங்கள் சிலவே. எங்கும் சாவின் நிறம் படர்ந்திருக்க, சாகாத நிறம் ஒன்றை வீட்டிற்குள் கொண்டுவந்து வைத்தார்கள். டிசம்பர் 24ஆம் நாளை ஆதாம் ஏவாள் நாளாகக் கொண்டு, ஏதேன் தோட்டத்து மரத்திற்கு அடையாளமாக ஒரு பச்சை மரத்தில் செந்நிற ஆப்பிள்களைக் கட்டி நாடகம் நடத்தும் பழக்கமும் அங்கே இருந்தது. ஸ்டிராஸ்பர்க் நகரத்து வீடுகளில் மரம் நிறுத்தி, காகித ரோஜாக்களும் ஆப்பிள்களும் தொங்கவிட்டதை 1605ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று தெரிவிக்கின்றது. விக்டோரியா அரசியாரும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் தம் மக்களோடு விழா மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848ஆம் ஆண்டில் லண்டன் வார இதழ் ஒன்றில் வெளிவந்த பிறகு, ஆங்கிலேயர் வீடுகளில் அவ்வழக்கம் வேகமாகப் பரவிற்று. 1882ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில், எடிசனுடைய நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஜான்சன் என்பவர் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் எண்பது மின்விளக்குகளைத் தம் வீட்டு மரத்தில் எரியவிட்டார்.

பின்னர் பச்சையே சலித்துப்போன காலமும் வந்தது. 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மானிட்டோவாக் நகரத்துத் தொழிற்சாலை ஒன்று, அலுமினியத் தகடுகளால் ஆன வெள்ளி நிற மரங்களை விற்கத் தொடங்கியது. உலோகத்தின் மீது மின்விளக்குக் கட்டுவது ஆபத்து அன்றோ? ஆகவே வண்ணக் கண்ணாடிச் சக்கரம் ஒன்றைக் கீழே சுழலவிட்டு, அம்மரத்தைச் சிவப்பாகவும் நீலமாகவும் பச்சையாகவும் ஒளிரச் செய்தார்கள். சில ஆண்டுகள் வெள்ளி மரத்திற்குப் பெருமதிப்பு இருந்தது. அறுபதுகளின் இறுதிக்குள் அந்த மோகம் தணிந்தது.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? நிறத்திற்குத் தனியே பொருள் இல்லை. அது நிற்கும் இடமே அதற்குப் பொருள் தருகின்றது. வெண்பனி நாட்டில் பச்சை அரிது. அரிதாகையால் அது நம்பிக்கையின் நிறம் ஆயிற்று. நம் நாட்டிலோ எப்பக்கம் திரும்பினாலும் பச்சைதான். ஆயினும் விழா மரம் இங்கும் வந்தது. சமவெளியில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சவுக்குக் கிளையை வெட்டி வந்து, மண் நிரப்பிய வாளியில் ஊன்றி, பஞ்சைப் பிய்த்துத் தூவிப் பனி என்று மகிழ்ந்தார்கள். பனியையே கண்டிராத ஊர்களில் பஞ்சு பனியாயிற்று. மலையில் வாழ்ந்த எங்களுக்குச் சைப்ரஸ் கிளையும் பைன் கிளையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

அவை அங்கே எவ்வாறு வந்தன? 1845ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளை எழுப்பினார்கள். மதுரையில் ஆட்சித் தலைவராக இருந்த வியர் லெவிஞ்சு 1863ஆம் ஆண்டில் ஓடையைத் தடுத்து ஏரியை உண்டாக்கினார். மேல்நாட்டார் குடியேறியதைத் தொடர்ந்து அயல்நாட்டு மரங்களும் குடியேறின. ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரமும் வாட்டில் மரமும் வந்தன. பிரையண்ட் என்னும் வன அதிகாரி 1906ஆம் ஆண்டில் பைன் தோப்புகளைத் தொடங்கினார். நாடு விடுதலை பெற்ற பின்னர் இந்நடவு இன்னும் பெரிதாயிற்று. தோல் பதனிடுவதற்கு வாட்டில் பட்டை வேண்டியிருந்தது. காகிதத்திற்கும் செயற்கைப் பட்டு நூலுக்கும் மரக்கூழ் வேண்டியிருந்தது. அடுப்புக்கு விறகு வேண்டியிருந்தது. மரமில்லாத புல்வெளியைத் தரிசு என்று கணக்கில் எழுதிய காலம் அது.

அந்த நடவில் கூலி வேலை செய்தவர்களுள் ஒருவர் என் தந்தையார். நாற்றங்காலில் மண் நிரப்பினார்; புல்வெளியில் குழி வெட்டினார்; மழை பிடித்ததும் கன்றுகளைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் நட்டார். குழிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுத்த காசில்தான் நாங்கள் உண்டோம், உடுத்தோம், பள்ளிக்கும் சென்றோம். ஒவ்வோர் ஆண்டும் விழாவுக்கு முந்திய நாள் மாலையில், தோளில் ஒரு பைன் கிளையோடு அவர் வீடு திரும்புவார். கிளையை நிறுத்திவிட்டுச் சற்றே விலகி நின்று பார்ப்பார். "மொட்டையாய்க் கிடந்த மலைக்குப் பச்சை உடுத்தியவர்கள் நாங்கள்" என்பார். எங்கள் வீட்டில் விழா மரத்தின் பச்சைக்கு அதுதான் பொருள். அது ஏதேனும் அன்று, ஜெர்மனியும் அன்று. என் தந்தையாருடைய கைகளின் நிறம் அது.

நேயர்களே, மலை உண்மையிலேயே மொட்டையாகவா கிடந்தது? பழனி மலையின் மேற்பகுதியில் இயற்கை அமைத்த ஒழுங்கு ஒன்று உண்டு. பள்ளங்களில் அடர்ந்த சோலைக்காடு. மேடுகளில் பரந்த புல்வெளி. இரண்டும் அடுத்தடுத்து வாழ்பவை. புல்லின் வேர்கள் மழைநீரை வாங்கி மெல்ல மெல்லக் கசியவிடும். சோலை அதைக் காத்து ஓடையாக அனுப்பும். வடக்கே அமராவதிக்கும் தெற்கே வைகைக்கும் இம்மலை நீர் கொடுப்பது இவ்வாறுதான். இங்கே டிசம்பரின் நிறம் பச்சை மட்டும் அன்று. உறைபனி பட்ட புல் விளைந்த கதிர்போலப் பொன்னிறம் கொள்ளும். சோலையின் இளந்தளிர்கள் செம்பு நிறத்தில் துளிர்க்கும். பனிக்காலத்தில் காட்டுப் பூவரசு செந்நிறப் பூங்கொத்துகளை ஏந்தத் தொடங்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி மலர்ந்து மலைச்சரிவை நீல ஊதாவாக மாற்றும்; 2006இல் மாற்றியது, 2018இல் மாற்றியது. ஒரு நிலத்திற்கு அதன் பூவின் பெயரையே சூட்டி வழங்கிய மொழி நம் மொழி. அந்தக் குறிஞ்சியும் வெயில் படும் திறந்த சரிவில்தான் செழிக்கும். தோப்பின் அடர்நிழலில் அதற்கு வாழ்வு இல்லை.

செண்பகனூரைச் சார்ந்து ஆய்வு செய்த இயேசு சபைத் துறவி கே. எம். மேத்யூ, இம்மலையின் தாவரங்களைப் பல்லாண்டு தேடித் தொகுத்து 1999ஆம் ஆண்டில் பெருநூலாக வெளியிட்டார். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்த அறிஞர் சிலர் 2018ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டனர். 1973க்கும் 2014க்கும் இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. நட்டு வளர்த்த தோப்புகளோ பன்னிரண்டு மடங்காகப் பெருகிவிட்டன. வாட்டிலும் பைனும் நட்ட இடத்தோடு நிற்பதில்லை. அவற்றின் விதைகள் பரவி, எஞ்சிய புல்வெளியிலும் முளைத்துவிடுகின்றன.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகின்றேன். தந்தையார் மறைந்த ஆண்டில், எங்கள் வழக்கப்படி வீட்டில் விண்மீன் கட்டவில்லை, மரமும் வைக்கவில்லை. மறு ஆண்டு, துக்கம் கழிந்த முதல் விழாவுக்கு அனைவரும் கூடினோம். சென்னையிலிருந்து வந்த என் தம்பி ஒரு நீண்ட பெட்டியைத் திறந்தான். அதற்குள் பிளாஸ்டிக்கில் செய்த வெள்ளி நிற மரம் ஒன்று மடிந்து கிடந்தது. "அண்ணா, பச்சையைப் பார்த்தால் அப்பா நினைவு வந்து அம்மா கலங்குவாள். அதனால்தான் வேறு நிறத்தில் வாங்கி வந்தேன்" என்றான். அவன் சொன்னதில் அன்பு இருந்தது.

என் மகள் அப்போது கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைகளில் தோழியரோடு சேர்ந்து, தனியார் பட்டா நிலங்களில் பரவிய வாட்டில், பைன் கன்றுகளைப் பிடுங்கிப் புல்லை மீட்கும் பணிக்குப் போய்வருவாள். அவள் சொன்னாள்: "அப்பா, வெள்ளியும் வேண்டாம், பைன் கிளையும் வேண்டாம். இந்த மலையின் புல்லைத் தின்றது அந்தப் பச்சைதான். அதை எப்படி நம் வீட்டுக்குள் வைத்து அழகு பார்ப்பது?"

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால், அந்தச் சொல் அடுக்களையில் இருந்த என் தாயாரின் செவியில் விழுந்துவிட்டது. அன்று முழுவதும் அவர் பேசவில்லை. இரவில் விளக்கை அணைக்கப் போனபோது மெல்லக் கேட்டார்: "அப்படியானால், உன் அப்பா வாழ்நாளெல்லாம் செய்தது தவறா, ஐயா?"

நான் தமிழாசிரியன். முப்பது ஆண்டுகள் மாணவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை சொன்னவன். என் தாயாருக்கு அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. தவறு இல்லை என்றால் மகளுக்குப் பொய் சொன்னவன் ஆவேன். தவறு என்றால் நான் உண்ட சோற்றைப் பழித்தவன் ஆவேன். உறக்கமின்றிக் கிடந்தபோது, இதே மலையின் அடியில் ஆண்ட ஒருவன் நினைவுக்கு வந்தான்.

பழனிக்குப் பண்டைப் பெயர் பொதினி. அங்கே ஆண்டவன் ஆவியர் குடியில் வந்த வையாவிக் கோப்பெரும் பேகன். மலைச்சாரலில் நின்ற மயில் குளிரால் நடுங்குகின்றது என்று கருதித் தன் போர்வையை அதற்கு அளித்தவன் அவன். மயிலுக்குப் போர்வை எதற்கு? அதற்குத்தான் தோகை இருக்கின்றதே! பேகன் அதை எண்ணிப் பார்க்கவில்லை. தேவையை ஆராயாமல் அன்பின் மிகுதியால் கொடுத்துவிட்டான். இத்தகைய கொடைக்கு நம் முன்னோர் ஒரு பெயர் வைத்தார்கள், கொடைமடம் என்றார்கள். பரணர் பேகனைப் பாடிய புறப்பாட்டிலும் அச்சொல் வருகின்றது. மடம் என்றால் அறியாமை. அறியாமை என்று தெரிந்தும், அவனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக வைத்துப் போற்றினார்களே அன்றி இகழவில்லை.

விடிந்ததும் தாயாரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அம்மா, மலைக்கும் அதன் தோகை இருந்தது. புல்தான் அதன் தோகை. நடச் சொன்னவர்கள் கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். அப்பாவோ மலை குளிரில் நடுங்குகிறது என்று நம்பிப் போர்த்தினார். போர்வை வேண்டாதது. போர்த்திய கை பழிக்கத்தக்கது அன்று" என்றேன். தாயார் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பேச்சை முடித்து வைத்தவள் என் மகள்தான். தன் அப்பத்தாவின் அருகில் வந்து உட்கார்ந்து, "அப்பத்தா, இன்னொன்றும் கேளுங்கள். வயது முதிர்ந்த வாட்டில் தோப்பிலும் பைன் தோப்பிலும் நிழல் நிலைத்த இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைக்கின்றன. பறவைகள் விதை கொண்டுவந்து போடுகின்றன. ஆகையால் பழைய தோப்பையெல்லாம் ஒரே நாளில் வெட்டிவிடக் கூடாது. புல்லில் பரவும் கன்றுகளை மட்டும் முதலில் எடுக்க வேண்டும் என்றுதான் இங்கே வேலை செய்தவர்கள் சொல்கிறார்கள். தாத்தா நட்ட மரத்தடியில் இந்நேரம் ஒரு சோலை வளர்ந்துகொண்டிருக்கலாம்" என்றாள்.

தாயார் எழுந்து போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "வா, எந்தக் கன்றைப் பிடுங்க வேண்டும் என்று எனக்குக் காட்டு" என்றார்.

அறிமுகமான ஒருவருடைய பட்டா நிலத்திற்கு, அவர் இசைவோடு சென்றோம். வனத்துறைக் காட்டில் ஒரு கிளையை ஒடிப்பதும் குற்றம் என்பதை இங்கே நினைவூட்டுகின்றேன். பொன்னிறப் புல்லின் நடுவில், இடுப்பளவு உயரத்தில் ஒரு பைன் கன்று பளிச்சென்று நின்றது. அம்மூன்று தலைமுறைக் கைகளும் சேர்ந்து இழுத்ததும், ஈரமண்ணிலிருந்து அது வேரோடு வந்தது. தாயார் வேரைப் பிடித்து மண்ணை உதறினார். "மண் இங்கேயே இருக்கட்டும். அது மலையுடையது" என்றார். பிறகு கன்றை நட்ட கை எப்படிப் பிடிக்குமோ அப்படியே பிடித்துக்கொண்டு வீட்டிற்கு நடந்தார்.

அந்த ஆண்டு எங்கள் விழா மரம் பச்சைதான். அதன் உச்சியில் காகித விண்மீனுக்குப் பதிலாக, வரும் வழியில் உதிர்ந்து கிடந்த காய்ந்த புல்லைப் பின்னி என் மகள் செய்த பொன்னிற விண்மீன் இருந்தது. வெள்ளி மரத்தைத் தம்பி சென்னைக்கு எடுத்துப்போனான். "வாங்கிவிட்டாய்; இனி இருபது ஆண்டுக்காவது அதை எறியாமல் வைத்துக்கொள்" என்று தாயார் சொல்லி அனுப்பினார். அதுவும் நல்ல அறிவுரைதானே? மண்ணில் மக்காத ஒன்றை ஆண்டுதோறும் புதிதாக வாங்கி எறிவதைக் காட்டிலும், ஒன்றையே பேணிப் போற்றுவது நன்று.

மூன்று அரசர் திருநாள் கழிந்ததும் பைன் கன்று காய்ந்து பழுப்பேறிவிட்டது. அதை ஒடித்துத் தைப்பொங்கல் அடுப்பில் வைத்தோம். பிசின் உள்ள விறகாதலால் சட்டென்று பற்றிக்கொண்டது. தாயார் அந்த நெருப்பைப் பார்த்து, "அவர் கொண்டுவந்த கிளையும் இப்படித்தான் மணக்கும்" என்றார்.

நேயர்களே, தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வகுத்திருக்கின்றது. அகற்றும் பணியும் மீட்கும் பணியும் நெடுங்காலம் நடைபெற வேண்டியவை. மலைகளில் வாழ்பவர்கள் விழாவுக்கு ஒரு மரம் வேண்டும் என்று எண்ணினால், சோலையின் கிளையைத் தொடாதீர்கள். உரியவருடைய இசைவு பெற்று, புல்வெளியில் புகுந்துவிட்ட ஒரு கன்றை எடுங்கள். சமவெளியில் உள்ளவர்களுக்குச் சவுக்குக் கிளை இருக்கின்றது. தொட்டியில் வளரும் செடி ஒன்றும் போதும். நிறம் எதுவாயினும், குழந்தைகள் அருகில் வந்து ஏன் இந்த நிறம் என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல உங்கள் வீட்டிலும் ஒரு கதை இருக்கும். அதில் அறியாமையும் இருக்கலாம், அன்பும் இருக்கலாம். இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள்.